கமடோர் 64-ஐ இன்றைய கணினியோடு இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமடோர் 64 வைத்திருக்கும் நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் சில வருடங்களாக என்னிடம் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். 1982-இல் வெளிவந்த அந்தப் பழுப்பு நிறக் கணினியையும் அதன் 1541 ஃபிளாப்பி டிரைவையும் இன்றைய லேப்டாப்போடு எப்படி இணைப்பது, டிஸ்க்கில் இருப்பதை எப்படி வெளியே எடுப்பது, புதிய கோப்புகளை எப்படி உள்ளே அனுப்புவது. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் 2-ஆம் கேள்வியையும் 6-ஆம் கேள்வியையும் மட்டுமாவது படித்துவிட்டுப் பெட்டியைத் தொடுங்கள். அந்த இரண்டு இடங்களில்தான் திரும்பப் பெற முடியாத இழப்பு நடக்கிறது.

1. கேபிள் ஒண்ணு வாங்கி லேப்டாப்ல செருகினா பென் டிரைவ் மாதிரி தெரியாதா?

தெரியாது. பென் டிரைவும் லேப்டாப்பும் யுஎஸ்பி என்ற ஒரே மொழியில் பேசுகின்றன. கமடோர் 64-இன் பின்பக்கம் இருக்கும் ஆறு முனை வட்ட சாக்கெட் அதற்குப் பல வருடங்கள் முந்தியது. அது ஐஇசி என்ற சீரியல் இணைப்பு. அதில் கவனம் கேட்க ஒரு கம்பி, தாளம் கொடுக்க ஒரு கம்பி, தரவுக்கு ஒரு கம்பி என்று மூன்று முக்கியமான கம்பிகள் உண்டு. தரவு ஒவ்வொரு பிட்டாகத்தான் போகும்.

ஆகவே நடுவில் மொழிபெயர்க்க ஒன்று தேவை. அது எது என்பது, நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய டிஸ்க்கில் இருப்பதை லேப்டாப்புக்குக் கொண்டுவருவது ஒரு வேலை. அதற்கு 3 முதல் 12 வரையான கேள்விகளும் 17, 18-உம். லேப்டாப்பில் இருப்பதைக் கமடோரில் ஓட்டுவது வேறு வேலை. அது 13-இல் தொடங்குகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு தவறான பொருளை வாங்கியவர்கள் நிறையப் பேர்.

2. இருபது வருஷமா பரண்ல கிடந்தது. பவர் போட்டுப் பார்க்கலாமா?

பழைய பவர் சப்ளையை வைத்து வேண்டாம். கமடோருடன் வந்த அந்தக் கனமான பெட்டி இரண்டு மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. உள்ளே இருப்பதையெல்லாம் பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. வருடங்கள் போகப் போக 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி கெடுகிறது. கெட்டால் மின்னழுத்தம் குறையாது, ஏறும். ஏறினால் முதலில் போவது நினைவகச் சிப்கள். மல்டிமீட்டரில் அளந்து 5 வோல்ட் சரியாகக் காட்டினாலும் நம்ப முடியாது. சூடேறிய பிறகு ஏறும் பெட்டிகளும் உண்டு. புதிதாகச் செய்த பவர் சப்ளை ஒன்று வாங்குங்கள், அல்லது மின்னழுத்தம் ஏறினால் துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்றை நடுவில் போடுங்கள்.

இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவந்த கமடோர் என்றால், அதன் பவர் சப்ளையும் 1541 டிரைவும் 120 வோல்ட்டுக்குச் செய்தவையாக இருக்கும். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றே கதை முடிந்தது. பின்பக்கச் சீட்டைப் படித்துவிட்டுச் செருகுங்கள். ஐரோப்பாவில் விற்றவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

3. எந்தக் கேபிள் வாங்கணும்? ஆளாளுக்கு ஒரு பேர் சொல்றாங்க.

எக்ஸ்1541, எக்ஸ்இ1541, எக்ஸ்எம்1541, எக்ஸ்ஏ1541 என்று நீங்கள் கேள்விப்படும் எல்லாமே பழைய கணினிகளின் பிரிண்டர் போர்ட்டில் செருகும் கேபிள்கள். அந்த போர்ட் உள்ள கணினி உங்களிடம் இருந்தால் எக்ஸ்எம் அல்லது எக்ஸ்ஏ இன்றும் நன்றாக வேலை செய்யும். இல்லையென்றால் அந்தப் பெயர்களை மறந்துவிடலாம்.

இன்றைய லேப்டாப்புக்கு நான் சொல்வது ஜூம்ஃபிளாப்பி. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் ஐஇசி சாக்கெட் உள்ள சிறிய பலகை அது. டிரைவோடு வந்த அதே வட்டமுனைக் கேபிளை அதில் செருகிக்கொள்ளலாம். லேப்டாப்பில் ஓப்பன்சிபிஎம் என்ற இலவச மென்பொருளை நிறுவ வேண்டும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

பலருக்கு ஆச்சரியம் தரும் விஷயம்: டிஸ்க்கை நகலெடுக்கக் கமடோர் 64 தேவையே இல்லை. 1541 டிரைவும் ஜூம்ஃபிளாப்பியும் லேப்டாப்பும் போதும். சொல்லப்போனால் அந்த நேரத்தில் கமடோரை அதே இணைப்பில் மாட்டியே வைக்காதீர்கள். அணைந்த கணினி கம்பிகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேச்சைக் கெடுக்கும்.

4. யுஎஸ்பி-யிலிருந்து பிரிண்டர் போர்ட்டுக்கு மாத்துற கன்வெர்ட்டர் மலிவா கிடைக்குதே, அதுல பழைய கேபிளைப் போட்டா?

வேலை செய்யாது. அந்தக் கன்வெர்ட்டருக்குப் பிரிண்டருக்கு எழுத்துகளை அனுப்ப மட்டுமே தெரியும். எக்ஸ் வகைக் கேபிள்களோ போர்ட்டின் ஒவ்வொரு முனையையும் தனித்தனியாக, மைக்ரோ நொடிக் கணக்கில் ஏற்றி இறக்கிப் பேசுகின்றன. அந்தக் கட்டுப்பாட்டைக் கன்வெர்ட்டர் தராது. ஜூம்ஃபிளாப்பி இதைத் தாண்டுவது எப்படியென்றால், நேரம் பார்க்கும் வேலையைத் தன் பலகையிலேயே செய்துகொண்டு, முடிந்த தரவை மட்டும் யுஎஸ்பி வழியாக அனுப்புகிறது.

5. 1541 எதுக்கு இவ்ளோ பெருசு, இவ்ளோ சூடு? சாதாரண ஃபிளாப்பி டிரைவ்ல இந்த டிஸ்க்கைப் படிக்க முடியாதா?

1541 வெறும் டிரைவ் இல்லை, தனிக் கணினி. உள்ளே 6502 செயலி, 2 கிலோபைட் நினைவகம், 16 கிலோபைட் ரோமில் (அணைத்தாலும் அழியாத நினைவகம்) தன் சொந்த இயக்க மென்பொருள், பவர் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் உண்டு. கமடோர் 64 "இந்தப் பெயருள்ள கோப்பைக் கொடு" என்று மட்டும் கேட்கும். அது டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று தேடி எடுப்பதெல்லாம் டிரைவின் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் காரணம்.

பிசி ஃபிளாப்பி டிரைவின் கன்ட்ரோலர் எம்எஃப்எம் என்ற முறையில் எழுதிய டிஸ்க்குகளை மட்டும் படிக்கும். 1541 எழுதுவது ஜிசிஆர் முறை. டிஸ்க் அதே ஐந்தேகால் அங்குலம்தான், ஆனால் எழுத்து வேறு. கிரீஸ்வீசல் போன்ற பலகைகள் கன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டுக் காந்தப் பதிவை அப்படியே பதிவு செய்வதால், பிசியின் ஐந்தேகால் அங்குல டிரைவை வைத்தே படித்துவிடும். 1541 கிடைக்காதவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் திருப்பிப் போட்டு எழுதிய இரண்டாம் பக்கம் அதில் தொல்லை கொடுக்கும். டிஸ்க்கின் மையத்துக்கு அருகில் உள்ள சிறு துளையை 1541 பார்ப்பதே இல்லை. பிசி டிரைவுகள் பார்க்கும். திருப்பிப் போட்டால் துளை இடம் மாறிவிடும்.

6. டிஸ்க் மேல வெள்ளையா புள்ளி புள்ளியா இருக்கு. பரவாயில்லையா?

அது பூசணம். அந்த டிஸ்க்கை டிரைவில் போடாதீர்கள். நான் இதில் பட்டுத் தெரிந்துகொண்டேன். டிஸ்க் உறையில் உள்ள ஜன்னல் வழியாகத் தெரிந்த பகுதி சுத்தமாக இருக்கிறதே என்று ஒரு டிஸ்க்கைப் போட்டேன். உறைக்குள் மறைந்திருந்த பூசணம் டிரைவின் ஹெட்டில் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) ஒட்டிக்கொண்டது. அது தெரியாமல் அடுத்த டிஸ்க்கைப் போட்டதும் அதன் பூச்சு வட்டமாகச் சுரண்டப்பட்டுவிட்டது. இரண்டாவது டிஸ்க் அதுவரை நல்ல டிஸ்க். அதில் இருந்தது இனி யாருக்கும் கிடைக்காது.

டிஸ்க்கை உறைக்குள்ளேயே விரலால் மெதுவாகச் சுழற்றி, ஜன்னல் வழியே இரண்டு பக்கமும் முழு வட்டமும் வெளிச்சத்தில் பாருங்கள். பூசணம் இருந்தால் உறையின் ஓரத்தைக் கவனமாகத் திறந்து, உள்ளிருக்கும் வட்டை எடுத்து, ஐசோபுரோபில் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் மிக மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வேறொரு சுத்தமான உறையில் போட்டுப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சந்தேகமான டிஸ்க்குக்கும் பிறகு ஹெட்டையும் அதே ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கடற்கரை ஊர்களில் ஈரக் காற்றில் கிடந்த டிஸ்க்குகள் என்றால், பூசணம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

7. சரி, எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு. ஒரு டிஸ்க்கை எப்படி நகலெடுக்கிறது?

முதலில் டிஸ்க்கின் பக்கவாட்டில் உள்ள சதுர வெட்டை ஒட்டி மூடுங்கள். அது மூடியிருந்தால் டிரைவ் எழுத மறுக்கும். தவறுதலாக எதுவும் அழியாது. 1541 இதை ஒளியை வைத்துப் பார்க்கிறது. அதனால் கண்ணாடி டேப் ஒட்டிப் பயனில்லை, ஒளி புகாத கறுப்பு டேப் வேண்டும். திருப்பிப் போடுவதற்காக மறுபக்கமும் வெட்டியிருந்தால் அதையும் மூடுங்கள்.

டிரைவ் அணைந்திருக்கும்போதே கேபிளைச் செருகுங்கள். ஐஇசி கேபிளை மின்சாரம் ஓடும்போது பிடுங்கிச் செருகினால் சிப் போய்விடும் வாய்ப்பு உண்டு. அப்புறம் டிரைவை ஆன் செய்து, ஓப்பன்சிபிஎம்மிடம் டிரைவைத் தேடச் சொல்லுங்கள். 8-ஆம் எண்ணில் 1541 இருப்பதாகக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. அடுத்து கோப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பட்டியல் வந்தால் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக எடுக்கும் கட்டளையைக் கொடுங்கள். சில நிமிடங்களில் டி64 என்ற வகைக் கோப்பு ஒன்று கிடைக்கும். லேப்டாப்பில் கமடோரைப் போலவே நடிக்கும் வைஸ் என்ற எமுலேட்டரை நிறுவி அந்தக் கோப்பைத் திறந்தால், டிஸ்க் அப்படியே ஓடுவதைப் பார்க்கலாம்.

கோப்புக்குப் பெயர் வைக்கும் முன் டிஸ்க்கின் லேபிளை இரண்டு பக்கமும் படம் எடுத்து அதே இடத்தில் சேமியுங்கள். பேனாவில் எழுதிய அந்த இரண்டு வரிதான் சில சமயம் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி.

8. கோப்பு 174,848 பைட்தான் வந்திருக்கு. ஏதாவது விட்டுப்போச்சா?

இல்லை, அதுதான் சரியான அளவு. 1541 ஒரு பக்கத்தில் 35 வட்டங்களாக எழுதுகிறது. வெளி வட்டங்கள் நீளமானவை என்பதால் அவற்றில் அதிகம் எழுதலாம்: 1 முதல் 17 வரை வட்டத்துக்கு 21 செக்டர் (வட்டத்தின் துண்டு), 24 வரை 19, 30 வரை 18, கடைசி ஐந்தில் 17. மொத்தம் 683 செக்டர். ஒன்றுக்கு 256 பைட். பெருக்கினால் நீங்கள் சொன்ன எண் வரும். 18-ஆம் வட்டத்தை டிரைவ் தன் பட்டியலுக்கு வைத்துக்கொள்வதால்தான் புதிய டிஸ்க்கில் 664 பிளாக் (அதாவது செக்டர்) காலி என்று காட்டுகிறது.

175,531 பைட் வந்தாலும் பயப்பட வேண்டாம். செக்டருக்கு ஒரு பைட் வீதம், படிக்கும்போது வந்த பிழைக் குறிப்புகளைக் கடைசியில் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

9. நடுவுல தட தடன்னு பயங்கரமா சத்தம் வருது. டிரைவ் உடைஞ்சிடுச்சா?

உடையவில்லை. ஹெட் முதல் வட்டத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்ல 1541-இல் உணரி எதுவும் இல்லை. அதனால் இடம் தெரியாமல் போகும்போது ஹெட்டைத் தடுப்பில் முட்டும் வரை தள்ளி, அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது. அந்த முட்டல்தான் சத்தம்.

ஆனால் அடிக்கடி முட்டினால் ஹெட்டின் நேர் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஒரே டிஸ்க்கில் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு ஹெட்டைத் துடையுங்கள். எல்லா டிஸ்க்கிலும் வந்தால் டிரைவின் நேர் விலகியிருக்கலாம்.

10. நாலஞ்சு செக்டர் மட்டும் படிக்கவே இல்ல. விட்டுடவா?

விடாதீர்கள், ஆனால் முரட்டுத்தனமாக முப்பது முறை முயலவும் வேண்டாம். ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி. டிஸ்க்கை வெளியே எடுத்துக் கொஞ்சம் சுழற்றிவிட்டு மறுபடி. அதற்கும் வராவிட்டால் வேறொரு 1541-இல் முயலுங்கள். எழுதிய டிரைவின் நேர் அன்றைக்கே சற்று விலகியிருந்தால், அதே பக்கம் விலகிய இன்னொரு டிரைவ் அதைச் சுலபமாகப் படித்துவிடும். என் அனுபவத்தில் டிரைவை மாற்றியதில் திரும்பி வந்த செக்டர்கள்தான் அதிகம். ஒவ்வொரு முயற்சியில் கிடைத்த கோப்பையும் தனித்தனியாக வைத்திருங்கள். முதல் கோப்பில் போன செக்டர் மூன்றாவதில் வந்திருக்கும்; சேர்த்துவிடலாம்.

11. கடையில வாங்கின விளையாட்டு டிஸ்க்கை நகலெடுத்தேன். பிழையே வரல, ஆனா ஓட மாட்டேங்குது.

நகல் தடுப்பு. அந்தக் காலத்து நிறுவனங்கள் வேண்டுமென்றே பிழையான செக்டர்கள், 35-க்கு அப்பால் கூடுதல் வட்டங்கள், இரண்டு வட்டங்களுக்கு நடுவில் எழுத்து என்றெல்லாம் வைத்தன. விளையாட்டு தொடங்கும்போது டிரைவுக்குள் இருக்கும் செயலிக்குத் தன் சொந்த நிரலை அனுப்பி, அவை இருக்கின்றனவா என்று சரிபார்க்கும். டி64 கோப்பில் 8-ஆம் பதிலில் சொன்ன 683 செக்டரின் உள்ளடக்கம் மட்டுமே இருக்கிறது, இவை இல்லை.

இதற்கு நிப்டூல்ஸ் என்ற மென்பொருள் தேவை. அது ஜிசிஆர் எழுத்தையே வட்டம் வட்டமாக எடுத்து ஜி64 வகைக் கோப்பாக மாற்றித் தரும். ஆனால் 1541-இல் இதைச் செய்ய டிரைவைத் திறந்து கூடுதலாக ஒரு பேரலல் கேபிள் பொருத்த வேண்டும். ஐஇசி கம்பி அந்த வேகத்துக்குத் தாங்காது. கமடோரின் இன்னொரு டிரைவான 1571 கிடைத்தால் பேரலல் கேபிள் இல்லாமலே ஜூம்ஃபிளாப்பியோடு முடியும்.

12. சித்தப்பா ஜெர்மனியில இருந்தப்போ எழுதின கடிதங்களும் சின்னச் சின்ன புரோகிராமும் இருக்கு. லேப்டாப்ல படிக்க முடியுமா?

முடியும். என்னிடம் வந்ததிலேயே நான் அதிகம் மதிக்கும் கேள்வி இது. விளையாட்டுகளை உலகில் யாரோ ஒருவர் ஏற்கெனவே பாதுகாத்திருப்பார். ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதியதற்கு வேறு நகலே கிடையாது. அந்த டிஸ்க்குகளை முதலில் எடுங்கள்.

நேராகத் திறந்தால் எழுத்துகள் குழம்பித் தெரியும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுவான வரிசையான ஆஸ்கியைக் கமடோர் பயன்படுத்தவில்லை, பெட்ஸ்கீ என்ற தன் வரிசையைப் பயன்படுத்தியது. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம் மாறியிருக்கும். ஜெர்மன் எழுத்துகளுக்கு ஒவ்வொரு கடித மென்பொருளும் ஒவ்வொரு வழி வைத்திருக்கும். பேசிக் என்ற நிரல் மொழியில் எழுதிய புரோகிராம் என்றால் கட்டளைகள் எழுத்தாகவே இருக்காது. ஒவ்வொன்றும் ஒற்றைப் பைட்டாகச் சுருக்கப்பட்டிருக்கும். வைஸோடு வரும் பெட்கேட் என்ற சிறு கருவி இரண்டையும் படிக்கக்கூடிய எழுத்தாக மாற்றும். கடிதம் மட்டும் அடம்பிடித்தால், அதை எழுதிய மென்பொருளையே எமுலேட்டரில் ஓட்டி, அதற்குள் திறந்து பாருங்கள்.

13. இப்போ எதிர்த்திசை. லேப்டாப்ல இருக்குற டி64 கோப்பை நிஜ கமடோர்ல ஓட்டணும்.

ஜூம்ஃபிளாப்பி வழியாகவே காலி டிஸ்க்கில் திருப்பி எழுதலாம். ஆனால் நல்ல டிஸ்க் கிடைப்பது கஷ்டமாகிவருகிறது. தினமும் பயன்படுத்துவதற்கு எஸ்டி கார்டுதான் சுலபம். எஸ்டி2ஐஇசி என்ற சிறு கருவி ஐஇசி சாக்கெட்டில் மாட்டிக்கொண்டு தன்னை டிரைவாகக் காட்டிக்கொள்ளும். லேப்டாப்பில் கோப்பைக் கார்டில் போட்டு இங்கே செருக வேண்டியதுதான்.

அதன் குறை 11-ஆம் பதிலோடு சேர்ந்தது. எஸ்டி2ஐஇசிக்குள் 6502 இல்லை. டிரைவுக்குள் நிரல் அனுப்பும் மென்பொருள்களில் தனக்குத் தெரிந்த சிலவற்றை அது சமாளிக்கும். மற்றவை அப்படியே நின்றுவிடும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓடும் பை1541 முழு டிரைவையும் செயலி உட்பட நடித்துக் காட்டுவதால் அந்தச் சிக்கல் மிகவும் குறைவு. ராஸ்பெர்ரி பை 3.3 வோல்ட்டிலும் கமடோர் 5 வோல்ட்டிலும் பேசுவதால் நடுவில் மின்னழுத்தம் மாற்றும் சுற்று கட்டாயம் வேண்டும்.

14. கார்டை மாத்தி மாத்திச் செருகணுமா? லேப்டாப்பே டிரைவா நடிக்காதா?

முன்பு நடித்தது. 64எச்டிடி என்ற மென்பொருள், டாஸ் என்ற பழைய இயக்க முறைமை ஓடும் கணினியைப் பிரிண்டர் போர்ட் வழியாகக் கமடோரின் டிரைவாக மாற்றியது. டாஸில் ஒரே மென்பொருள் முழுக் கணினியையும் தன் கையில் வைத்திருக்கும் என்பதால் நேரம் தவறாது. இன்றைய இயக்க முறைமைகள் ஒரே நேரத்தில் நூறு வேலை பார்க்கின்றன; கமடோர் கவனக் கம்பியை இழுத்ததும் பதில் சொல்ல அவற்றால் உறுதி தர முடியாது. 4-ஆம் பதிலில் சொன்ன அதே காரணம்.

ஆகவே நடுவில் ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர் வைக்கிறார்கள். அது கமடோருக்கு உடனே பதில் சொல்லிவிட்டு, கோப்பை யுஎஸ்பி அல்லது வைஃபை வழியாக நிதானமாக வாங்கித் தரும். சொந்தமாக நிரல் எழுதி மாற்றி மாற்றிச் சோதிப்பவர்களுக்கு இது மிகவும் வசதி.

15. யூசர் போர்ட்ல சீரியல் கேபிள் போட்டா ஆகாதா? அதான் இருக்கே.

ஆகும், ஆனால் எச்சரிக்கை வேண்டும். யூசர் போர்ட்டில் (கமடோரின் பின்பக்கம் உள்ள இன்னொரு இணைப்பு) வருவது 0 முதல் 5 வோல்ட் வரை. பழைய பிசியின் சீரியல் போர்ட்டில் 12 வோல்ட் வரை இரு திசையிலும் வரும். நேராக இணைத்தால் கமடோரில் வெளி இணைப்புகளைக் கவனிக்கும் சிஐஏ சிப் போய்விடும். அதே போர்ட்டின் இரண்டு முனைகளில் 9 வோல்ட் ஏசியும் நிற்கிறது. ஒரு முனை தள்ளிச் செருகினாலே ஆபத்து. 5 வோல்ட்டுக்கான யுஎஸ்பி சீரியல் பலகை பயன்படுத்துங்கள். கோப்புச் சேமிப்புக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைஃபை மோடம் மாதிரி எழுத்துப் பரிமாற்றத்துக்கு நல்லது.

16. எஸ்டி கார்டு போட்டும் ஏன் ஆமை வேகம்?

கார்டு காத்திருக்கிறது, கம்பிதான் மெதுவு. 1541 சராசரியாக நொடிக்கு 400 பைட் அளவில்தான் தருகிறது. கமடோர் திரையில் 38,911 பைட் காலி என்று காட்டுகிறதே, அந்த இடம் முழுவதும் நிரப்பும் புரோகிராமை ஏற்ற ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

காரணம் முந்தைய விக்-20 கணினியில் இருக்கிறது. பிட்டுகளைத் தானாக வரிசையாக அனுப்பும் வசதி அதன் 6522 சிப்பில் இருந்தது. ஆனால் அதில் ஒரு பிழை. அதனால் ஒவ்வொரு பிட்டையும் மென்பொருளே தள்ளும்படி மாற்றினார்கள். கமடோர் 64-இல் அந்தச் சிப் மாறிவிட்டது. ஆனாலும் பழைய டிரைவுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதே முறையை வைத்தார்கள். போதாததற்கு, திரையை வரையும் விக்-2 சிப் அவ்வப்போது செயலியை நிறுத்திவைக்கும் என்பதால் இன்னும் மெதுவாக்க வேண்டியதாயிற்று. ஜிஃபிடாஸ் என்ற மாற்று ரோம் சிப்பைக் கணினியில் பொருத்தினால் பல மடங்கு வேகம் கூடும். எஸ்டி2ஐஇசிக்கும் பை1541-க்கும் அந்த முறை தெரியும்.

17. டிஸ்க் இல்ல, எல்லாம் கேசட்டுல இருக்கு.

கேசட் இன்னும் சுலபம். நல்ல நிலையில் உள்ள சாதாரண டேப் பிளேயரின் வெளியீட்டை லேப்டாப்பின் ஒலி உள்ளீட்டில் கொடுத்துச் சுருக்கப்படாத ஒலிக் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். அதை டேப் வகைக் கோப்பாக மாற்றும் இலவச மென்பொருள்கள் உண்டு. படிக்காவிட்டால் பிளேயரின் ஹெட் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகை, ஒலி கூர்மையாகக் கேட்கும் வரை மெல்லத் திருப்புங்கள். பூசணம் பற்றி 6-இல் சொன்னது இதற்கும் பொருந்தும்.

18. நாலு டிஸ்க்குல பட்டியல் காலியா வருது. அதைத் தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம், அவற்றையும் முழுதாக நகலெடுங்கள். கமடோர் டிரைவில் ஒரு கோப்பை அழித்தால், பட்டியலில் அதன் வகையைக் குறிக்கும் ஒரு பைட் பூஜ்யமாகும், அது பிடித்திருந்த செக்டர்கள் காலி என்று குறிக்கப்படும். அவ்வளவுதான். மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை உள்ளடக்கம் அங்கேயே இருக்கிறது. கோப்பு எந்த வட்டத்தில் எந்தச் செக்டரில் தொடங்குகிறது என்ற குறிப்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

டிஸ்க்கைப் புதிதாக்கும் கட்டளையும் இரண்டு வகை. அடையாள எண் கொடுத்துச் செய்தால் எல்லா வட்டங்களும் மறுபடி எழுதப்படும். அதில் மீட்க ஒன்றுமில்லை. எண் கொடுக்காமல் செய்தால் 18-ஆம் வட்டத்தில் உள்ள பட்டியலின் தொடக்கம் மட்டும் துடைக்கப்படும். அந்தக் காலத்தில் அவசரத்துக்குப் பலரும் இரண்டாவதைத்தான் செய்தார்கள், அது நொடிகளில் முடியும் என்பதால். டி64 கோப்பைச் செக்டர் காட்டும் எடிட்டரில் திறந்து 17-ஆம் வட்டத்திலிருந்தும் 19-ஆம் வட்டத்திலிருந்தும் பார்த்துக்கொண்டு போங்கள். டிரைவ் புதிய கோப்புகளைப் பட்டியலுக்கு அருகில்தான் முதலில் எழுதும். ஒவ்வொரு செக்டரின் முதல் இரண்டு பைட்டும் அடுத்த துண்டு எங்கே என்று சொல்லும். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் முழுக் கோப்பும் கிடைத்துவிடும். 12-ஆம் கேள்வியைக் கேட்டவருக்குக் கடிதங்களில் ஒன்று இப்படிப்பட்ட காலி டிஸ்க்கிலிருந்துதான் வந்தது.